ஆறரைக் கட்டை

ஜூலை 2, செவ்வாய்

இன்று எனக்கு வந்த கோபத்துக்குத் தென்காசி பஸ் நிலையத்தையே தூக்கிக் கவிழ்த்திருப்பேன். கையில் டாக்டர் கொடுத்த படக் கவர் இருந்ததால் விட்டுவிட்டேன். வழக்கமாகக் கோபம் வந்தால் என் மருமகள் பிரம்மசக்தியிடம் கொட்டுவேன். அவளும் "சரி மாமா, விடுங்க" என்பாள், ஆறிவிடும். இன்று முதல் அவள் வாயைத் திறக்கக் கூடாதாம். அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். நான் எட்டாவதுதான் படித்தேன். ஆனால் மேடையில் மைக்கைப் பிடித்தால் தமிழ் வாத்தியார்கள் நின்று குறிப்பெடுப்பார்கள்.

பிரம்மசக்தி என் தங்கை சண்முகக்கனியின் மகள். அப்பன் இல்லாத பிள்ளை. பாட்டு அவளுக்குக் கூடப் பிறந்தது. என்னுடைய 'கோமதி இன்னிசைக் குழு'வில் அவள்தான் பாடகி, நான்தான் அறிவிப்பாளர். சனி, ஞாயிறுகளில் சங்கத்துக் கட்டட மாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பும் எடுக்கிறாள். இந்த வட்டாரத்தில் கோவில் கொடைத் திருவிழா, கல்யாணம், சடங்கு எதுவென்றாலும் அவள் குரல்தான்.

அந்தக் குரலைத்தான் ஒரு பொடியன் டாக்டர், மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுக் குறை சொன்னான். கடப்பாரை பிடித்தால் உள்ளங்கையில் காய்ப்பு காய்க்குமே, அதுபோல அவள் குரல் நாண் இரண்டிலும் காய்த்திருக்கிறதாம். ஒரு மாதம் பேசவே கூடாது. அந்தக் காய்ப்போடு பாடினால் குரல் நிரந்தரமாகப் போய்விடுமாம்.

"யாரு இவ்வளவு உச்சத்துல பாட வைக்கிறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

"டாக்டர், இவ சுருதி ஆறரைக் கட்டை" என்றேன். கேட்டதும் அவன் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டான். (கை கழுவப் போனான். ஆனாலும் எழுந்தானே.)

கட்டை என்றால் சுருதியின் உயரம். எண் ஏற ஏறக் குரலும் ஏற வேண்டும். பெண்பிள்ளைகள் சாதாரணமாக ஐந்தில் பாடுவார்கள். சக்தியும் நிஜத்தில் ஐந்துதான். ஆனால் இரண்டு வருஷமாக நோட்டீசில் 'ஆறரைக் கட்டை அரசி' என்று நான் போட்டுவருகிறேன். போட்டால் அதில் பாடித்தானே ஆக வேண்டும்? பாடினாள். நரம்பு தெறிக்கப் பாடினாள். கூட்டம் விசிலடித்தது. பாட்டு விஷயத்தில் சுருதியைக் குறைப்பது மீசையை எடுப்பது மாதிரி.

நாங்கள் கிளம்பும்போது டாக்டர், "உங்க குரலும் சரியில்லையே, ஒரு நாள் வாங்க பாக்கலாம்" என்றான். சிங்கத்தின் வாயைப் பார்க்க ஆசைப்படுகிறான்.

ஜூலை 3, புதன்

பேசாத பெண் இவ்வளவு சத்தம் போடுவாள் என்று எனக்குத் தெரியாது. ஈயச் சட்டி, கரண்டி, கதவு எல்லாம் அவளுக்காகப் பேசுகின்றன. காலையில் செல்போனில் எழுதி என் மூக்குக்கு நேரே நீட்டினாள்: "கொடைக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க மாமா."

வேறு ஆளா! ஆகஸ்ட் ஆறாம் தேதி முப்பிடாதி அம்மன் கோவில் கொடை. எங்கள் ஊர்க் கொடையில் முதல் பாட்டு ஊர்ப் பிள்ளைதான் பாட வேண்டும், அது வழக்கம். ஆறு வருஷமாக அது சக்தியின் இடம். நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் அவள் படம் என் உயரத்துக்கு இருக்கிறது.

"அண்ணே, புள்ளைக்குத் தொண்ட போயிரும்ங்கான் டாக்டரு. ஒனக்கு நோட்டீசா பெருசு?" என்று சண்முகக்கனி கத்தினாள்.

இந்த வீட்டில் பேசக் கூடியவர்களுக்கும் டாக்டர் ஒரு மாதம் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

ஜூலை 5, வெள்ளி

கொடைக் கமிட்டித் தலைவர் பால்துரை டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

"என்னவே கோமதிநாயகம், மருமவளுக்குத் தொண்ட கெட்டுப் போச்சாமே? சுரண்டை குரூப்புக்குச் சொல்லிருவமா?"

சுரண்டை குரூப்! கேசட் காலத்திலிருந்து என் பாட்டு வரிசையைத் திருடிப் பிழைக்கிற கூட்டம். எனக்குக் கண் சிவந்துவிட்டது. அந்தச் சிவப்பில்தான் அந்த வார்த்தை வந்தது. நான் யோசித்துச் சொல்லவில்லை. நல்ல வார்த்தைகள் எனக்கு எப்போதும் தானாக வரும்.

"தொண்ட கெடலவே. மௌன விரதம்! கொடை வரைக்கும் அம்மனுக்கு மௌனம். அன்னைக்கி மேடையிலதான் வாயத் தொறப்பா. ஆறரைக் கட்டையில!"

பால்துரை தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "மெய்யாவாவே?"

"எங்கிட்டயே பேச மாட்டேங்கா, பாத்துக்கிடும்."

இதில் பொய் எங்கே இருக்கிறது? பேசவில்லை என்பது உண்மைதானே.

ஜூலை 7, ஞாயிறு

அவளால் வகுப்பெடுக்க முடியாது என்பதால் நேற்றும் இன்றும் நானே எடுத்தேன். பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வகுப்பு பிறந்ததிலிருந்து கிடைத்ததில்லை. சக்தி நாலரையில் வைத்துப் பிள்ளைகளை முணுமுணுக்கவிடுவாள். நான் சுருதிப் பெட்டியை நேரே ஆறுக்குத் திருப்பினேன். "வயித்துல இருந்து கத்துங்கல!" என்றேன். மாடி அதிர்ந்தது. கீழே சைக்கிள் கடை வைத்திருக்கும் இசக்கிமுத்துவின் மகள் மல்லிகா, ஒன்பது வயசுதான், ஊதல் மாதிரி மேலே போனாள். "நீதான் அடுத்த ஆறரைக் கட்டை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிள்ளைக்கு முகமெல்லாம் பல்.

அப்போது சக்தி படியேறி வந்தாள். ஒன்றும் சொல்லாமல் பெட்டியை நாலரைக்குத் திருப்பினாள். நான் ஆறுக்குத் திருப்பினேன். அவள் நாலரை. நான் ஆறு. கடைசியில் சுவரில் இருந்து வயரையே பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

பிள்ளைகள் சிரித்தன. ஒரு குருவை நடுவகுப்பில் இப்படியா அவமானப்படுத்துவது? அவள் குரு என்றால் நான் குருவுக்குக் குரு. அவளுக்கு ஸரிகம சொல்லிக் கொடுத்ததே நான்தான். (டவுன் வாத்தியாரிடம் பதினோரு வருஷம் படித்தாள். அங்கே சைக்கிளில் கொண்டுபோய் விட்டது யார்?)

பெட்டி இல்லாமலே ஆறில் நடத்தி முடித்தேன்.

ஜூலை 12, வெள்ளி

விரதம் ஊரெல்லாம் பரவிவிட்டது. நான் பரப்பவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னேன். ஊரில் எல்லோரும் கேட்டார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை என்பதால் பெண்கள் மஞ்சளும் பூவும் கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தெற்குத் தெருவிலிருந்து ஒரு அம்மாள் சக்தியின் காலில் விழுந்தே விட்டாள். சக்தி துள்ளிப் பின்னால் போய் மாவரைக்கிற கிரைண்டரில் இடித்துக்கொண்டாள். முகம் அப்படிச் சிவந்தது. "பாத்தியளா, அம்மன் களை!" என்றேன். பெண்கள் குலவையிட்டார்கள்.

அதன்பின் அவள் வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸப்பில் எழுதினாள்: "எனக்கு விரதம் எதுவும் கிடையாது. தொண்டையில் நோய். மாமா சொல்வதை நம்ப வேண்டாம்."

நான் விடுவேனா? அதற்குக் கீழேயே போட்டேன்: "விரதம் இருப்பதை வெளியே ஒத்துக்கொள்ளக் கூடாது என்பதும் விரதத்தில் சேர்த்தி."

நாற்பது பேர் கும்பிடு போட்டார்கள்.

ஜூலை 16, செவ்வாய்

மத்தியானம் ஒரு பெண் வந்தாள். பேர் சொன்னாள், எனக்கு மறந்துவிட்டது. பீடி சுற்றுகிற பெண். இடுப்பில் ஒரு பையன். நாலு வயசு ஆகியும் பேச்சு வரவில்லையாம். "தாயி, நீ வாயக் கட்டி வச்சிருக்க. எம் புள்ள வாயத் தொறந்து விடு. ஒங் கையால துண்ணூறு பூசு" என்று சக்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சக்தி கையை உதறினாள். பிறகு அவளே அந்தக் கையைத் திரும்பப் பிடித்து, செல்போனில் பரபரவென்று எழுதிக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டினாள். "என்ன சொல்லுதாவ அண்ணாச்சி?"

போனில் இருந்தது: "அக்கா, நான் சாமி இல்ல. தென்காசி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. காது கேக்குதான்னு மொதல்ல பாக்கச் சொல்லுங்க. நான் கூட வாரேன்."

நான் படித்தேன்: "எல்லாம் அம்மன் பாத்துக்கிடுவா. கொடைக்கு வாங்க."

சக்தி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. அந்தப் பெண் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். சக்தி செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே தெருவில் ஓடினாள். பஸ் போய்விட்டது.

நான் என்ன செய்ய? வாசலில் கூட்டம் நிற்கும்போது உள்ளதை அப்படியே படிக்க முடியுமா? ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினேன். அதற்கு இவ்வளவு கோபம். இரவு சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. நன்றாகத்தான் இருந்தது. ஏனோ பாதியிலேயே கை கழுவிவிட்டேன்.

ஜூலை 20, சனி

சைக்கிள் கடை இசக்கிமுத்து வாசலில் நின்று கத்தினான்.

"ஓய்! எம் புள்ள தொண்டையில இருந்து காத்துதான்வே வருது! ரெண்டு நாளா அம்மான்னு கூப்பிடக்கூட முடியல! பாட்டு சொல்லிக் குடுத்தீரா, கழுத்த நெரிச்சீரா?"

"ஐஸ் தின்னுருப்பா" என்றேன்.

"ஐஸா? ஒம்ம நாக்கத்தான் ஐஸுல வைக்கணும். புள்ளையள ஆறு கட்டையில கத்தவிட்டீராமே! ஒம்ம மருமவ நாலரையிலதானவே சொல்லிக் குடுத்தா?"

சைக்கிள் டியூப் ஒட்டுகிறவனுக்குக் கட்டைக் கணக்கு எதற்கு? ஆனால் சத்தமாகச் சொல்லவில்லை. அவன் கையில் ஸ்பேனர் இருந்தது.

நான் திரும்பிப் பார்த்தபோது சக்தி இல்லை. இசக்கிமுத்து வீட்டுக்குப் போய்விட்டாளாம். அந்தப் பிள்ளைக்கு வெந்நீர் கொடுத்து, வாயில் விரல் வைத்து 'பேசாதே' என்று காட்டிவிட்டு வந்தாளாம். சண்முகக்கனிதான் சொன்னாள். சொன்ன தோரணை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

இன்று வகுப்பை அவளே எடுத்தாள். வாயே திறக்காமல்! என்னைப் படியில் நிறுத்தி, உள்ளே வரக் கூடாது என்று கையை நீட்டினாள். நான் வாங்கிக் கொடுத்த சுருதிப் பெட்டி, நான் வாடகை பேசிய மாடி.

படியில் உட்கார்ந்து கேட்டேன். கேட்காமல் என்ன செய்ய, கழற்றிய செருப்பு மேலே வாசலில் கிடந்தது. கீபோர்டு வாசிக்கும் ஜெபராஜ் ஒவ்வொரு சுவரமாகத் தொட, அவள் கையை ஏற்றி இறக்க, பிள்ளைகள் அந்தக் கையைப் பார்த்துப் பாடின. நாலரைக் கட்டை. ஒரு பிள்ளைகூடக் கத்தவில்லை. ஊமைக் கூத்து. நடுவில் ஒருமுறை யாரோ ரேடியோ போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். பிள்ளைகள்தான்.

வெளியே வந்த ஜெபராஜிடம், "என்னல, எங்கிட்ட கேக்காம வந்திருக்க?" என்றேன்.

"அண்ணாச்சி, நீங்க அனௌன்சரு. அவ சிங்கரு. நான் சிங்கருக்குத்தான் வாசிக்கேன்" என்றான். இவனுக்கு முதல் கச்சேரி வாங்கிக் கொடுத்தது நான்.

ஆகஸ்ட் 3, சனி

தென்காசி போய் வந்தோம். ஒரு காய்ப்பு வற்றிவிட்டது. இன்னொன்று பாதி இருக்கிறது. "மெதுவாப் பேசலாம். பாட்டு மட்டும் இன்னும் மூணு மாசத்துக்கு நெனைக்கவே கூடாது. இப்பம் உச்சத்துல ஒரு பாட்டு பாடினாக்கூட கிழிஞ்சிரும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல" என்றான் டாக்டர்.

பேசலாம் என்று சொல்லிவிட்டான் அல்லவா? பேச்சும் தொண்டையில்தான், பாட்டும் தொண்டையில்தான். டாக்டர்கள் மூன்று மாதம் என்றால் மூன்று வாரம் என்று அர்த்தம். மூன்று வாரம் என்றால் மூன்று நாள்.

வரும் வழியில் "பேசும்மா" என்றேன். பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் என்னிடம் பேசவில்லை. அறைக்குள் அம்மாவோடு குசுகுசுப்பது மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் போனை நீட்டினாள்: "கொடைக்கு நான் வாரேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் ரத்தம்! "ஆறரைதான?" என்றேன். அவள் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

சண்முகக்கனி மட்டும் மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னட்டி?" என்றேன். "ஒன்னுமில்லண்ணே. ஒன் ஆச நிறைவேறட்டும்" என்றாள். அந்தக் குரலில் வாழ்த்து இல்லை.

ஆகஸ்ட் 7, புதன்

நேற்று நடந்ததை எழுத வேண்டும். கை ஓடவில்லை. எழுதுகிறேன்.

பொழுது சாயும் நேரம். அம்மன் கோவில் திடலில் பத்தாயிரம் பேர். (திடலே ஆயிரம் பேருக்குத்தான். ஆனால் மரத்திலும் மாடியிலும் இருந்தார்கள்.) முன் வரிசையில் பெண்கள் மஞ்சள் புடவையில், கையில் ஆரத்தித் தட்டோடு. நான் வெள்ளைச் சட்டை, தோளில் பட்டு. மைக்கைப் பிடித்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு அறிவிப்பு நான் கொடுத்ததில்லை.

"மௌனம் கலைகிறது! முப்பிடாதி அம்மன் சன்னிதியில், ஒரு மாத விரதத்துக்குப் பின், இதோ ஆறரைக் கட்டை!"

குலவைச் சத்தம் காதை அடைத்தது. சக்தி மேடையேறினாள். சாதாரணப் பருத்திப் புடவை, மாலைகூடப் போட்டுக்கொள்ளவில்லை. நேரே வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். ஜெபராஜ் ஆறரையைப் பிடித்தான். அந்தச் சுருதி ஒலிபெருக்கியில் நின்று ரீங்கரித்தது.

பிறகு அவள் பேசினாள். ஒரு மாதத்துக்குப் பின் அந்தக் குரல். கரகரவென்று, மெல்ல.

"எல்லாரும் என்னய மன்னிச்சிருங்க. எனக்கு விரதம் கிடையாது. தொண்டையில சீக்கு. இன்னைக்கி நான் பாட மாட்டேன்."

முன் வரிசையில் ஆரத்தித் தட்டு ஒன்று சாய்ந்தது. எனக்கு வியர்த்தது, ஆனால் நான் அனுபவசாலி. பக்கத்தில் இருந்த இன்னொரு மைக்கை எடுத்துச் சிரித்தேன். "பாத்தியளா தன்னடக்கத்த! அம்மன் உத்தரவு குடுத்ததும்..."

சக்தி என் பக்கம் திரும்பினாள். மைக்கை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஊர் முழுவதும் கேட்டது.

"மாமா, இன்னும் ஒரு வார்த்த நீங்க கூட்டிச் சொன்னா, நான் பாடிருவேன். இதே ஆறரையில. இங்கனயே கிழியட்டும். டாக்டர் சொன்னத நீங்களும் கேட்டியல்லா? ஒங்க நோட்டீசு பொய்யாவாது, ஒங்க வாக்கும் பொய்யாவாது. எங் குரல் மட்டும்தான் போவும். சொல்லுங்க. பாடவா, வேண்டாமா? மைக்குல சொல்லுங்க."

ஜெபராஜ் சுருதியை விடவில்லை. பாவி, விட்டுத் தொலைத்திருக்கலாம்.

அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூச்சை இழுத்து நிறுத்திவிட்டாள். மேல் ஸ்தாயி எடுக்கும் முன் அவள் மூச்சிழுக்கும் விதம் எனக்குத் தெரியும். தோள் ஏறாது, விலா மட்டும் விரியும். விரிந்திருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாடியிருப்பாள்.

நான் அந்த இடத்தில் ஊரே அழும்படி ஒரு பிரசங்கம் செய்தேன் என்று டீக்கடையில் காலையில் சொல்லிப் பார்த்தேன். யாரும் டீ கிளாசிலிருந்து தலை நிமிரவில்லை. எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்:

"வேண்டாம்மா. பாடாத."

"ஏன்னு சொல்லுங்க."

"விரதம் இல்ல. நான்தான் சொன்னேன்."

அவள் மூச்சை விட்டாள். மைக்கில் அது பெரிய காற்றாகக் கேட்டது.

அப்புறம் சத்தம். என்மேல் வந்து விழுந்தவற்றில் பூ மட்டும் இல்லை. பால்துரை மேடையேறி என் தோளில் கிடந்த பட்டுத் துண்டை உருவினார். "அம்மன் பேரச் சொல்லியாவே? பொம்பளைய கால்ல விழுந்தாளுவளேவே!" காலில் விழுந்த அந்தத் தெற்குத் தெரு அம்மாள் என் முகத்துக்கு நேரே மண்ணை வாரி வீசினாள். ஒரு பெண் இடுப்புப் பிள்ளையோடு நெருக்கிக்கொண்டு வந்தாள். யாரென்று தெரிந்ததும் நான் மேடையின் பின்பக்கமாக இறங்கிவிட்டேன். சக்தி அவளைக் கையைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தாளாம்.

முதல் பாட்டு வகுப்புப் பிள்ளைகள் பாடினார்கள். ஜெபராஜ் சுருதியை இறக்கியது எனக்குச் சாமியானாவுக்குப் பின்னால் கேட்டது. நாலரை.

எனக்கு எல்லோர்மேலும் கோபம். பால்துரைமேல், ஜெபராஜ்மேல், அந்த டாக்டர்மேல். என் தங்கைமேல்: அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும். ஊரைக் கூட்டி வைத்து, தாய்மாமனிடம் இப்படி ஒரு கேள்வி கேட்பார்களா? 'வேண்டாம்' என்று நான் சொல்லாமல் போயிருந்தால்? அவ்வளவு நம்பிக்கையா என்மேல்? இல்லை, நம்பிக்கையே இல்லாமல்தான் கேட்டாளா? இதை நினைத்தால்தான் அதிகமாகக் கோபம் வருகிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பேருந்து நிறுத்தத்து நோட்டீசை நானே கிழித்தேன். நல்ல பசை. பாதிதான் வந்தது.

ஆகஸ்ட் 10, சனி

காலையிலேயே சக்தி அந்தப் பீடி சுற்றுகிற பெண்ணையும் பையனையும் தென்காசிக்குக் கூட்டிப் போய்விட்டுப் பத்து மணிக்கு மேல் வகுப்புக்கு வந்தாள். இசக்கிமுத்துவிடம் பேசினாள். ஜெபராஜிடம் பேசினாள். பால் ஊற்றுகிறவரிடம்கூட நின்று பேசினாள். வீட்டில் என்னிடம் பேசவில்லை. "சாப்பிட்டியா" என்று கேட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். டாக்டர் சொன்ன மௌனம் முடிந்துவிட்டது. என்னிடம் மட்டும் முடியவில்லை.

மத்தியானம் சங்கத்துக் கட்டடத்துக்கு எதிரே, இசக்கிமுத்து பார்க்காத பக்கமாக நின்றேன். மேலே ஒரு பிள்ளை தாளம் தப்பியது போல. சக்தி திட்டினாள். மெதுவாகத்தான் திட்டினாள், ஆனாலும் ரோடு வரைக்கும் கேட்டது. கரகரப்பு கொஞ்சம் இருந்தது. அடியில் சுத்தமாக இருந்தது.

பேசாவிட்டால் போகட்டும். குரல் இருக்கிறது. என்றைக்காவது என்னையும் திட்ட வேண்டாமா?